இரண்டு வாசகங்கள் எப்போது ஒன்று?

கல்வெட்டு வாசகத்தை வெறும் எழுத்துக் கோவையாக டேட்டாபேஸில் போட்டு வைத்தால், படித்தவர் பாடுபட்டுக் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி போய்விடும். எந்த எழுத்து சிதைந்திருந்தது, எதைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பினார், கல்லில் வரி எங்கே முடிந்தது, எந்த இடத்தில் கிரந்த எழுத்து புகுந்தது என்ற செய்திகளெல்லாம் வாசகத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அச்சில் இதற்கு நெடுநாள் வழக்கம் இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் ஹுல்ட்ஷ் பதிப்பில் வந்தது. அந்த வரிசையைப் புரட்டினால், சிதைந்த எழுத்து சதுர அடைப்புக்குள் நிற்கும். பதிப்பாசிரியர் சேர்த்தது உடுக்குறி தாங்கி நிற்கும். கண்ணுக்கு அது போதும். கணினிக்குப் போதாது.

கணினிக்காக வந்த வழக்கம் டி.இ.ஐ. நூல்களையும் சுவடிகளையும் எப்படிக் குறியிடுவது என்று 1987இல் தொடங்கிய முயற்சி அது. பின்னாளில் எக்ஸ்எம்எல்லுக்கு மாறியது. அதைக் கல்வெட்டுக்கென்று வளைத்தது எபிடாக். தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கல்வெட்டுகளை, தமிழ்க் கல்வெட்டுகளையும் சேர்த்து, 2019இல் தொகுக்கத் தொடங்கிய தர்மா என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் கைக்கொண்டிருப்பதும் எபிடாக்தான். நிரப்பியதற்கு ஒரு குறி, தெளிவில்லாததற்கு ஒரு குறி, விடுபட்டதற்கு ஒரு குறி, வரி தொடங்கும் இடத்துக்கு ஒரு குறி. எல்லாம் வாசகத்துக்குள்ளேயே, வேண்டிய எழுத்துக்கு முன்னும் பின்னும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தி.நகரில், வெங்கட்நாராயணா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில். மயிலாப்பூரில் கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு, தான் வாழ்நாளெல்லாம் எடுத்த மைப்படிகளையும் படித்த வாசகங்களையும் தொகுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொகுப்பை வைக்க ஒரு டேட்டாபேஸ், திருத்த ஒரு திரை, தேட ஒரு பெட்டி: இதுதான் எங்களுக்கு வந்த வேலை. என்னை அதில் போட்டவர் எங்கள் மேடம். ஆரக்கிள் ஒன்பதாம் பதிப்பில் எக்ஸ்எம்எல் வகை புதிதாக வந்த நாளிலிருந்தே அதோடு மல்லுக்கட்டியவர்.

முதலில் எழுந்த கேள்வி, எக்ஸ்எம்எல் எதற்கு என்பது. இன்று யாரைக் கேட்டாலும் ஜேசன் என்றுதான் சொல்வார்கள். ஊர், கோயில், அரசர், ஆட்சியாண்டு, கல்வெட்டு எண் என்று தனித்தனியாக நிற்கும் செய்திகளுக்கு ஜேசன்கூட வேண்டாம். சாதாரண நெடுவரிசைகளே போதும். அவற்றை அப்படித்தான் வைத்தோம். வாசகம் மட்டும் வேறு மாதிரி. ஒரு சொல்லின் மூன்றாம் எழுத்து நிரப்பியது, ஐந்தாம் எழுத்துக்குப் பிறகு கல்லில் வரி மாறுகிறது என்பதை ஜேசனில் எழுதினால், சொல்லைத் துண்டு துண்டாக்கிப் பட்டியல் போட வேண்டும். எழுத்தும் குறியும் கலந்தே ஓடும் உரைக்கு எக்ஸ்எம்எல்தான் இயல்பான வடிவம். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. உரை கலந்து ஓடவில்லை என்றால், எக்ஸ்எம்எல் நெடுவரிசை வைக்க நல்ல காரணம் எதையும் இதுவரை நான் பார்க்கவில்லை.

அடுத்தது ஓஆர்எம். நிரல் பேசுவது ஆப்ஜெக்ட்டுகளில். டேட்டாபேஸ் பேசுவது டேபிள்களில். பழைய மதராஸில் கும்பினி வணிகருக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவே துபாஷி நின்றதுபோல இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது ஓஆர்எம். ஜாவா உலகில் 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட் அதில் பேர்பெற்றது. எங்கள் பக்கம் ஹைபர்நேட், மறுபக்கம் போஸ்ட்கிரெஸ். எண்ணும் தேதியும் பெயரும் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் அவை தாமாகவே போய் வரும். எக்ஸ்எம்எல் வந்ததும் நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மேடம் எனக்கு முதலில் ஹைபர்நேட்டைத் தரவில்லை. ஜாவா டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசும் வழியான வெறும் ஜேடிபிசியில், கையால், ஒரு வாசகத்தை உள்ளே போட்டு வெளியே எடுக்கச் சொன்னார். வாசகத்தை ஸ்ட்ரிங்காக அனுப்பினால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது: நெடுவரிசை எக்ஸ்எம்எல் வகை, வந்திருப்பது எழுத்து வகை, மாற்றிக் கொடு என்று பிழை சொல்லும். இதைத் தாண்ட ஒரு குறுக்குவழி உண்டு. இணைப்பு முகவரியின் கடைசியில், ஸ்ட்ரிங் எந்த வகை என்று குறிப்பிடாமலே அனுப்பு என ஓர் அமைப்பைச் சேர்த்துவிட்டால் பிழை மறையும். வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அது அந்த ஒரு நெடுவரிசையோடு நிற்காமல், அந்த இணைப்பில் போகும் எல்லா ஸ்ட்ரிங்குக்கும் காவலைத் தளர்த்திவிடுகிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து அனுப்பினாலும், அதை எண்ணாக மாற்ற முடிகிறதா என்று டேட்டாபேஸ் தானே முயன்று பார்க்கும். மேடம் இதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. 2006இல் ஜாவா ஆறாம் பதிப்போடு வந்த ஜேடிபிசி 4.0இல் எக்ஸ்எம்எல்லுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. அதில் பொதிந்து அனுப்புவதுதான் நேரான வழி.

"இப்ப ஹைபர்நேட்ல பாரும்மா" என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான். 2022இல் வந்த ஆறாம் பதிப்பில் இது ஒரே வரி. பண்பின் தலையில், இது எக்ஸ்எம்எல் என்று ஒரு குறிப்பு எழுதினால் முடிந்தது. முந்தைய பதிப்புகளில் யூசர்டைப் என்ற இன்டர்ஃபேஸை எடுத்து 11 மெத்தட்களையும் நாமே எழுத வேண்டும். ஒரு வரி போதுமே என்று நான் சொன்னதும் மேடம் கேட்டார்: "ஒரு வரியில முடியுது, சரி. அந்த ஒரு வரி உன் சார்பா என்னென்ன முடிவு எடுக்குதுன்னு சொல்லு பாப்போம்."

நான் கற்ற வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பதினோரு மெத்தட்களில் பெரும்பாலானவை போக்குவரத்து: எடுப்பது, வைப்பது, வெற்று மதிப்பு வந்தால் என்ன செய்வது. மூன்று மட்டும் வேறு வகை. இரண்டு மதிப்புகள் சமமா, ஒரு மதிப்பை நகல் எடுப்பது எப்படி, இந்த மதிப்பு உள்ளுக்குள் மாறக்கூடியதா. எண்ணையும் பெயரையும் பொறுத்தவரை இவற்றுக்கு விடை தானாகத் தெரியும். ஓர் ஆவணத்தைப் பொறுத்தவரை தெரியாது. யாராவது தீர்மானிக்க வேண்டும்.

ஹைபர்நேட் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு பதிவை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போது அதன் மதிப்புகளை ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொள்ளும். வேலை முடியும் நேரத்தில், கையில் இருப்பதையும் எடுத்து வைத்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபாடு இருந்தால் அப்டேட் அனுப்பும். இல்லையென்றால் சும்மா இருக்கும். நாம் சேமி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வசதிதான் ஓஆர்எம்மின் அழகு. எடுத்து வைப்பதற்கு நகல் மெத்தட்டும் ஒப்பிடுவதற்குச் சமம் மெத்தட்டும் உதவுகின்றன.

இந்த இரண்டையும் கெடுத்துவைத்து விளைவைப் பார்ப்பது மேடத்தின் பாடம். லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்டேட் வருகிறதா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் பாடத்தில், நகல் மெத்தட்டில் நகல் எடுக்காமல் அதே ஆவணத்தையே திருப்பிக் கொடுத்தோம். இப்போது எடுத்து வைத்ததும் கையில் இருப்பதும் ஒரே ஆப்ஜெக்ட். ஓர் எழுத்தை நிரப்பியது என்று குறியிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால், திரையில் திருத்தம் தெரிகிறது. லாகில் ஒன்றும் இல்லை. ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே ஆவணம் என்பதால் வேறுபாடே கிடையாது. பக்கத்தை மறுபடி திறந்தால் பழைய வாசகம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆய்வாளர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்த திருத்தம் சத்தமில்லாமல் போயிருக்கும்.

இரண்டாவது பாடம் இதற்கு நேர்மாறு. நகலை ஒழுங்காக எடுத்துவிட்டு, சமம் மெத்தட்டை ஜாவாவின் இயல்பான ஒப்பீட்டுக்கு விட்டோம். எக்ஸ்எம்எல்லை நினைவகத்தில் மரமாக வைக்கும் வடிவம் டாம்; ஜாவாவின் டாம் ஆவணத்தில் அந்த ஒப்பீடு, இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கும். நகலும் மூலமும் வேறு வேறு ஆப்ஜெக்ட்டுகள் என்பதால் எப்போதும் வேறுபாடுதான். ஒரு கல்வெட்டை வெறுமே படிக்கத் திறந்தாலும் லாகில் வந்து விழுந்தது: கல்வெட்டு டேபிளில் வாசகத்தையும் பதிப்பெண்ணையும் மாற்று, இந்த எண்ணும் இந்தப் பழைய பதிப்பெண்ணும் உள்ள பதிவில். பதிப்பெண் என்பது, இரண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தி ஒருவர் வேலையை மற்றவர் அழித்துவிடாமல் இருக்க வைத்திருக்கும் எண்ணிக்கை. ஒருவர் படித்தாலே அது ஏறினால், உண்மையில் திருத்திக்கொண்டிருப்பவருக்கு, வேறொருவர் மாற்றிவிட்டார், மறுபடி திறந்து செய்யுங்கள் என்று செய்தி வரும். யார் எப்போது என்ன திருத்தினார்கள் என்ற வரலாற்று டேபிளிலும், எதுவும் மாறாத மாற்றங்கள் வரிசையாக ஏறும். ஆய்வுத் தொகுப்பில் அந்த வரலாறு வாசகத்துக்கு அடுத்தபடி முக்கியம். எந்த வாசிப்பு யாருடையது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வாசகத்தை ஜாவா கிளாஸ்களாகவே மாற்றிவிட்டால் என்ன என்றும் பார்த்தோம். ஜாக்ஸ்பி அதற்காகவே உள்ள கருவி. ஜாவா பதினோராம் பதிப்பில், 2018இல், அதை ஜாவாவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றாலும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பில், விண்ணப்பப் படிவம் போன்ற கட்டுக்கோப்பான எக்ஸ்எம்எல்லுக்கு நல்ல கருவிதான். கல்வெட்டுக்கு அது ஆபத்து. தனக்குத் தெரியாத குறி வந்தால், வேறு மாதிரி அமைக்காதவரை, அதை ஓசையில்லாமல் விட்டுவிட்டுப் போகும். திருப்பி எழுதும்போது அந்தக் குறி வாசகத்தில் இருக்காது. டி.இ.ஐ.யில் குறிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அத்தனைக்கும் கிளாஸ் எழுதி வைப்பவர் யார்? ஆவணத்தை டாம் மரமாகவே வைத்துக்கொள்வது என்று முடிவானது.

ஆக, சமம் மெத்தட்டை நாங்களே எழுத வேண்டும். டாமில் 2004இல் வந்த மூன்றாம் நிலையிலேயே, இரண்டு மரங்களைக் கிளை கிளையாக ஒப்பிடும் வசதி இருக்கிறது. பண்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அது நமக்கு வசதி. பெயர்வெளி ஒன்றாகவே இருந்தாலும் முன்னொட்டு வேறாக இருந்தால் வேறு என்று சொல்லிவிடும், அது வசதியில்லை. இவையெல்லாம் சின்ன விவகாரம். பெரிய விவகாரம் இடைவெளி.

குறியும் குறியும் சேர்ந்தால் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று பல கருவிகள் வரி பிரித்து உள்தள்ளி எழுதும். அந்த வரிப் பிரிப்பும் எக்ஸ்எம்எல்லில் எழுத்துதான். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 2005இலிருந்து இருக்கும் எக்ஸ்எம்எல் வகை, வேறு மாதிரி கேட்காவிட்டால், குறிகளுக்கு நடுவே வெறும் இடைவெளியாக இருப்பதைத் தூக்கிவிட்டுத்தான் சேமிக்கும். போஸ்ட்கிரெஸ் கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். எது சரி? மேடம் விடை சொல்லவில்லை. "ஐயாகிட்ட கேளு. கல்லுல இடைவெளி இருக்கான்னு அவருக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

ஆய்வாளர் ஐயா என்னைத் திருவான்மியூருக்கு வரச் சொன்னார். அடையாற்றுக்குத் தெற்கே இருக்கும் மருந்தீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுவரில் விரலை வைத்து ஒரு வரியை இழுத்துக்கொண்டே போனார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. புள்ளி பெரும்பாலும் கிடையாது. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி. கல் முடியும் இடத்தில் வரி முடிகிறது, சொல் பாதியில் நிற்கிறது, மீதி அடுத்த வரியின் தொடக்கத்தில். "வெட்டினவனுக்குச் சொல் எங்க முடியுதுங்கறது கவலையே இல்லம்மா. கல்லு எங்க முடியுதோ அங்க நிறுத்திடுவான். நாம போடற இடைவெளி எல்லாம் நம்ம வாசிப்பு. அது ஒண்ணு மாறினாலும் அர்த்தம் மாறிடும்" என்றார்.

விதி அங்கேயே கிடைத்துவிட்டது. வாசகம் இருக்கும் பகுதிக்குள் ஓர் இடைவெளிகூட ஆய்வாளரின் முடிவு. அதை யாரும் தொடக்கூடாது, அது மாறினால் வாசகம் மாறியதாகவே கொள்ள வேண்டும். அதற்கு வெளியே, பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே இருப்பது கருவி போட்டது. ஒப்பிடும்போது கணக்கில் கிடையாது. ஒரு விதிவிலக்கு: சொல்லின் நடுவே வரி மாறுகிறது என்பதற்கு எபிடாக்கில் தனிப் பண்பு இருக்கிறது. அந்தப் பண்போடு வரும் வரிக்குறியைச் சுற்றி இடைவெளி வந்தால் அதற்கு அர்த்தமில்லை. இந்த மூன்றையும் சமம் மெத்தட்டில் எழுதினேன். நிரலாக அது நீளமே இல்லை. எந்த ஓஆர்எம்மும் தானாக எடுத்திருக்க முடியாத முடிவு அது என்பதை அதை எழுதும்போது உணர்ந்தேன்.

இனித் தமிழ் எழுத்து. ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறிக்கென்று ஒரே குறியெண் உண்டு. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் அதே உருவம் வரும். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனால் எக்ஸ்எம்எல் ஒப்பீட்டுக்கு அது தெரியாது. டபிள்யூ3சி 2001இல் வகுத்த சீர்வடிவம்கூட பண்புகளை வரிசைப்படுத்தும், மேற்கோள் குறிகளை ஒரே மாதிரி ஆக்கும், எழுத்தைத் தொடாது. ஒரே கல்வெட்டை ஒருவர் மேக்கிலும் மற்றவர் வேறொரு விசைப்பலகையிலும் திருத்தினால், கண்ணுக்கு ஒரு புள்ளிகூட மாறாமல், வேறு ஆவணம் என்று வந்து நிற்கும். ஔகாரத்தில் இன்னொரு சிக்கல்: கொம்புக்குப் பிறகு வரவேண்டிய நீட்டல் குறிக்குப் பதிலாக ளகரத்தையே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை யூனிகோட் சமமென்று சொல்லாது, சொல்லவும் கூடாது.

ஒகரத்தைச் சீர்படுத்துவது எளிது. ஜாவாவில் அதற்குக் கருவி இருக்கிறது. போஸ்ட்கிரெஸிலும் 2020இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. உள்ளே வரும்போதே சீர்படுத்திவிடலாம் என்று மேடமும் ஒப்புக்கொண்டார். யாருடைய வாசிப்பும் அதில் கெடாது.

கெட்டது ஸ்ரீயில்தான். கல்வெட்டுகள் பல ஸ்வஸ்தி ஸ்ரீ என்று தொடங்குகின்றன. அந்த ஸ்ரீயைத் தமிழ் யூனிகோடில் கிரந்த எழுத்தான ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒரே கூட்டெழுத்தாக வரும். ஆனால் ஒகரத்தைப்போல இவை இரண்டும் சமமென்று யூனிகோட் சொல்வதில்லை. எந்தச் சீர்படுத்தும் கருவியும் இவற்றைச் சேர்க்காது. தொகுப்பில் பாதிக் கல்வெட்டுகள் ஒருவிதமாகவும் மீதி மறுவிதமாகவும் இருந்தன; தேடினால் பாதிதான் வந்தது.

இதை எடுத்துக்கொண்டு சித்திரக்குளத்துப் பக்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். மைப்படி ஒன்றை மேசைமேல் விரித்து, கல்லில் இருப்பது கிரந்தக் கூட்டெழுத்து, அதன் முதல் பகுதி ஶகரம், ஆகவே சரியான வடிவம் அதுதான் என்று விளக்கினார். பிறகு யோசித்துவிட்டு, பழைய பதிப்புகளிலிருந்து அப்படியே எடுத்த வாசகங்களில் கை வைக்காதே என்றார். அவற்றில் இருப்பது அந்தப் பதிப்பாசிரியர் அச்சிட்ட வடிவம். தேடுகிறவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரியட்டும்.

தேடுவதற்கு ஒரு சமம், சேமிப்பதற்கு ஒரு சமம். இரண்டையும் ஒரே மெத்தட்டில் போடவே முடியாது. யூசர்டைப்பில் இருக்கும் ஒப்பீடு கண்டிப்பானதாக இருக்கட்டும். ஸ்ரீயின் வடிவம் மாறினால் அது மாற்றம்தான், வரலாற்றில் ஏறட்டும். தேடலுக்குத் தனி நெடுவரிசை: குறிகளையெல்லாம் உதிர்த்து, ஒகரத்தைச் சீர்படுத்தி, ஸ்ரீயை ஒன்றாக்கி, எகர ஏகாரத்தைக்கூட ஒன்றாக்கி வைக்கும் வெறும் உரை. அதை யாரும் படிக்கப்போவதில்லை; தேடல் மட்டும் அதில் நடக்கும். முதலில் எக்ஸ்எம்எல் நெடுவரிசைக்குள்ளேயே நேரடியாகத் தேடலாம் என்றுதான் நான் திட்டமிட்டிருந்தேன். ஐயாவின் அந்தப் பதிலுக்குப் பிறகு, அது தவறான இடம் என்பது தெளிவாகிவிட்டது.

இதற்குள் டேட்டாபேஸும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியது. கல்வெட்டுகளையும் அவற்றின் படங்களையும் சேர்த்து எடுக்கும் ஒரு குவெரியில், ஒரே கல்வெட்டு பலமுறை வராமல் இருக்க டிஸ்டிங்க்ட் என்று போட்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது: எக்ஸ்எம்எல் வகைக்குச் சமம் பார்க்கும் வழி எனக்குக் கிடையாது. எஸ்க்யூஎல் சர்வரும் இதே காரணத்துக்காக இதை மறுக்கும். ஹைபர்நேட் ஆறில் ஆப்ஜெக்ட்டுகளை எடுக்கும்போது அந்தச் சொல்லே தேவையில்லை, தானாகவே ஒன்றாக்கிக் கொடுக்கும் என்பதால் எங்களுக்குத் தீர்வு எளிதாக இருந்தது. எனக்கு அந்தப் பிழைச் செய்தி மிகவும் பிடித்தது. இத்தனை ஆண்டு அனுபவமுள்ள ஒரு டேட்டாபேஸ், இரண்டு ஆவணங்கள் எப்போது ஒன்று என்பதை நான் சொல்ல மாட்டேன், நீயே சொல் என்கிறது. அதுவே நேர்மையான நிலை.

எக்ஸ்எம்எல்லுக்குள் குறிகளைத் தேடும் எக்ஸ்பாத் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரையும் அது சுற்றவிடுகிறது. டி.இ.ஐ. ஆவணத்தின் ஒவ்வொரு குறியும் ஒரு பெயர்வெளிக்குள் இருக்கிறது. குவெரியில் அந்தப் பெயர்வெளியைச் சொல்லாமல் குறியின் பெயரை மட்டும் கேட்டால், பிழை வராது, வெறுமை வரும். நிரப்பிய எழுத்துகள் எத்தனை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று பதில் வரும், அதை நம்பிவிடவும் கூடும். இப்படிப்பட்ட கேள்விகளை ஹைபர்நேட் வழியாகக் கேட்பதை நான் விட்டுவிட்டேன். 2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் பத்தாம் பதிப்பிலிருந்து எக்ஸ்எம்எல்லை டேபிளாக விரிக்கும் வசதி இருக்கிறது. அதை வைத்து ஒரு வியூ எழுதி, வரி எண், குறியின் வகை, எழுத்து என்று விரித்துவிட்டு, அந்த வியூவைப் படிக்க மட்டும் உரிய ஒரு என்டிடியாக ஹைபர்நேட்டுக்குக் காட்டினேன். பெயர்வெளி அந்த வியூவில் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மேப்பிங் பக்கம் எக்ஸ்எம்எல் என்பதே தெரியாது. பட்டியல் பக்கங்களும் அப்படித்தான்: ஊரும் அரசரும் ஆண்டும் மட்டும் வேண்டிய இடத்துக்கு முழு ஆவணத்தை இழுத்து வருவதில் அர்த்தமில்லை என்பதால், அந்த நெடுவரிசைகளை மட்டும் கேட்கும் சிறிய கிளாஸ்கள் தனியாக இருக்கின்றன.

இப்போது கையில் இருக்கும் வேலை பின்னங்கள். நிலக்கொடைக் கல்வெட்டுகளில் மாவும் காணியும் முந்திரியும் குறியீடுகளாகவே வருகின்றன. யூனிகோடில் 2019இல் தமிழ்த் துணைத் தொகுதி என்று 51 குறியீடுகள் சேர்ந்தன. அதன் முதல் குறியீடே முந்திரி, 320இல் ஒரு பங்கு. ஐயா பழைய வாசகங்களில் சொல்லாக விரித்து எழுதியிருந்ததை, கல்லில் உள்ளபடி குறியீடாக மாற்றத் தொடங்கியிருக்கிறார். இந்தக் குறியீடுகள் யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருப்பதால், போஸ்ட்கிரெஸ் ஒரு முந்திரியை ஓர் எழுத்தாக எண்ணும். ஜாவா இரண்டாக எண்ணும். தேடலில் கிடைத்த இடத்தை டேட்டாபேஸ் சொல்லி, நிரல் அதற்கு வண்ணம் பூசினால், முந்திரிக்குப் பிறகு வரும் எல்லாச் சொல்லிலும் வண்ணம் ஓரிடம் முன்னதாகவே விழுகிறது. இரண்டு முந்திரி இருந்தால் ஈரிடம். இடத்தைக் குறியெண் கணக்கில் மட்டும் எண்ணுவது என்று மேடமும் நானும் முடிவு செய்து, அதற்கான சோதனைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிரந்தத்துக்கு 2014இலேயே யூனிகோடில் தனித் தொகுதி வந்துவிட்டது; அதுவும் அதே தளத்தில்தான் இருக்கிறது. ஐயா அடுத்து வடமொழிப் பகுதிகளைக் கிரந்தத்திலேயே தட்டெழுதப் போகிறேன் என்று சொல்லியிருப்பதால், சோதனை வாசகங்களில் அதையும் சேர்த்துவிட்டேன்.